ஹார்டு டிஸ்க் படுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடிச்சு." ஹார்டு டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு சர்வீஸ் கடைக்கு வருபவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். கொஞ்சம் விசாரித்தால், கம்ப்யூட்டர் ஆன் ஆகப் பத்து நிமிடம் பிடித்தது, ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் அப்படியே நின்றுபோனது, இரண்டு வாரமாக ஏதோ டிக் டிக் சத்தம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். மின்சுற்றுப் பலகை கருகி நொடியில் செத்துப்போகும் டிஸ்க்குகளும் உண்டு. ஆனால் தட்டு சுழலும் வகை ஹார்டு டிஸ்க்குகளில் பல, படுப்பதற்கு முன் ஏதாவது சாடை காட்டத்தான் செய்கின்றன.

மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும் மூன்றரை அங்குல டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுழல்கின்றன. 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. தட்டின் விளிம்பில் அது மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகம், பைபாஸில் விரட்டுகிற காரைப் போல. அந்தத் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே, காற்று மெத்தையில் மிதந்தபடி படிக்கிறது ஹெட் என்கிற முனை. தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70,000 நானோமீட்டர். இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முனை தட்டை உரசினால் காந்தப் பூச்சு பொடியாகப் பெயரும். அந்தப் பொடி உள்ளேயே சுற்றி, நன்றாக இருக்கும் இடங்களையும் கீறும். அதனால் கெட ஆரம்பித்த டிஸ்க் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் சேதம் கூடிக்கொண்டே போகும். "ஓட்டிப் பார்ப்போமே" என்று நாம் சோதிக்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பெரும்பாலும் முதலில் தெரிவது மந்தம். எல்லா மந்தமும் டிஸ்க் கோளாறு ஆகாது. நினைவகம் போதாவிட்டாலும் வைரஸ் இருந்தாலும் கம்ப்யூட்டர் மந்தமாகும். டிஸ்க் கோளாறின் மந்தத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மாட்டும். ஒரு கல்யாண ஆல்பத்தைக் காப்பி செய்கிறீர்கள் என்று வையுங்கள். 412 படங்கள் மளமளவென்று போகின்றன. 413ஆவது படத்தில் பச்சைக் கோடு அப்படியே உறைகிறது. வேகம் பூஜ்யம். மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துக் காப்பி மறுபடி ஓடுகிறது, அல்லது படிக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. உள்ளே நடப்பது இதுதான்: ஒரு செக்டரை, அதாவது தட்டில் தகவல் எழுதப்படும் சிறு கட்டத்தை, ஒழுங்காகப் படிக்க முடியாமல், ஹெட் திரும்பத் திரும்ப அதே இடத்தில் முயன்றுகொண்டிருக்கிறது. தொழில்முறைச் சேமிப்பகங்களுக்கான டிஸ்க்குகள் பொதுவாக 7 நொடிகளில் கைவிட்டுவிடும். வீட்டு டிஸ்க் லேசில் விடாது.

இன்னொரு சாடை, பாதிப் படம் சரியாகவும் மீதி சாம்பல் நிறப் பட்டையாகவும் திறக்கும் ஃபோட்டோக்கள். கேமராவின் மெமரி கார்டு கெட்டிருந்தாலும் இப்படி ஆகும் என்பதால், போன மாதம் நன்றாகத் திறந்த படம் இப்போது இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சத்தம். ஆன் செய்ததும் வரும் மெல்லிய ரீங்காரமும், படிக்கும்போது கேட்கும் 'கர கர'வும் இயல்பானவை. கவலைப்பட வேண்டியது ஒழுங்கான தாளத்தில் வரும் டிக். டிக்... டிக்... டிக் என்று நாலைந்து முறை, பிறகு நிசப்தம், பிறகு மறுபடி டிக். தட்டில் தடத்தைக் காட்டும் குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஹெட் கெட்டுப்போனால் அந்தக் குறிகளைப் படிக்க முடியாது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், ஹெட்டைத் தாங்கும் கை ஓரத்துக்குப் போய் இடித்துவிட்டு மீண்டும் தேட வருகிறது. அந்த இடிதான் நமக்குக் கேட்கும் டிக்.

சுழலாமல் பீ... பீ... என்று மெலிதாக முனகினால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டதாலோ மோட்டார் இறுகிவிட்டதாலோ சுற்ற முடியாமல் திணறுகிறது என்று பொருள். உலோகம் உரசும் 'கிரீச்' கேட்டால், முறையாக ஷட்டவுன் செய்யக்கூடக் காத்திருக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் போனதும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் சிறு ஜெனரேட்டர் போல மாறி, அந்த மின்சாரத்தில்தான் ஹெட் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்குகிறது. அழகான ஏற்பாடு. ஆனாலும் அடிக்கடி பவர்கட் ஆகும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் ஓட்ட இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சத்தம் வந்ததுமே டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையடக்க யுஎஸ்பி டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நொடியில் நிறைய கரண்ட் இழுக்கும். யுஎஸ்பி 2 துளையின் வரம்பு 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. நீளமான மலிவுக் கேபிளில், கேபினட்டின் முன்பக்கத் துளையில் செருகினால், போதிய கரண்ட் இல்லாமலே டிக் டிக் என்று அடிக்கும். குட்டையான வேறொரு கேபிளில், பின்பக்கத் துளையில் ஒரே ஒரு முறை செருகிப் பாருங்கள். அடாப்டரோடு வரும் பெரிய டிஸ்க்குகளில் 12 வோல்ட் அடாப்டர் தளர்ந்தாலும் இதே கதைதான். எழுதும்போது மட்டும் வேகம் படுத்து, படிக்கும்போது சரளமாக இருந்தால், அது தடங்களை ஓட்டுக்கூரை போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் வகையாக இருக்கலாம். அதன் சுபாவமே அப்படி.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள டிஸ்க்கிடமே கேட்கலாம். ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளும், லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பும் அதைக் காட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். நிறத்தோடு நின்றுவிடாமல் எண்களைப் பாருங்கள். பார்க்கும் முன் ஒரு வேலை: அது மூல மதிப்புகளைப் பதினாறடிமானத்தில் காட்டும். அதாவது 10 என்று தெரிந்தால் உண்மையில் 16, 64 என்று தெரிந்தால் 100. மெனுவில் இதைப் பதின்ம எண்ணாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

வரிசை எண் 5, மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. கெட்ட செக்டருக்குப் பதிலாக டிஸ்க் தன் சேமநிதியிலிருந்து நல்ல செக்டர் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. 197ஆவது, காத்திருப்புப் பட்டியல்: படிக்க முடியாமல்போய், இனி என்ன செய்வது என்று முடிவாகாத செக்டர்கள். அந்த இடத்தில் அடுத்த முறை எழுதும்போது சரியாக எழுத முடிந்தால் பட்டியலிலிருந்து விலகும், முடியாவிட்டால் 5ஆவது எண்ணில் போய்ச் சேரும். 198, டிஸ்க் தானாகச் சோதித்தபோது திருத்தவே முடியாமல் போனவை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 197ஐ சி5 என்றும் 198ஐ சி6 என்றும் தேடுங்கள். இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 5ஆவதில் 8 என்று இருந்து ஒரு வருடமாக நகராமல் இருந்தால் உடனே பதற வேண்டாம். போன வாரம் 8, இந்த வாரம் 40 என்றால் டிஸ்க் சரிகிறது.

199, அதாவது சி7, கேபிள் வழியில் தகவல் சிதைந்ததைக் காட்டும். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் பழைய எண் அப்படியே நிற்கும், குறையாது; இனிமேல் ஏறாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சீகேட் டிஸ்க்குகளில் 1ஆவது, 7ஆவது வரிசைகளில் கோடிக்கணக்கில் எண் தெரிந்து பலர் மிரண்டுபோகிறார்கள். அந்த நிறுவனம் எழுதும் முறை அது, பிழைகளின் எண்ணிக்கை என்று படிக்கக் கூடாது.

நீலம் காட்டினால் நிம்மதியாக இருக்கலாமா? 2007இல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. ஆகவே சிவப்பை முழுதாக நம்புங்கள், நீலத்தைப் பாதி நம்புங்கள்.

சாடை தெரிந்துவிட்டது. இப்போது கை பரபரக்கும்: பிழை தேடித் திருத்தும் செக் டிஸ்க் ஓட்டலாமா, சிதறிய ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் செய்யலாமா, ஃபார்மட் அடித்தால் சரியாகுமா? மூன்றும் வேண்டாம். செக் டிஸ்க்கை 'ஆர்' தேர்வோடு ஓட்டினால் தட்டு முழுவதையும் படிக்கவைக்கும். கூடவே ஃபைல் அமைப்பைத் திருத்தி அதே டிஸ்க்கில் எழுதும். மூச்சுத்திணறும் ஆளை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. முதலில் தகவலை வெளியே எடுங்கள், பிறகு எந்தச் சோதனை வேண்டுமானாலும் செய்யுங்கள்.

எடுக்கும்போது மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுக்காதீர்கள். பத்திரங்கள், கணக்கு ஃபைல்கள், குடும்பப் படங்கள் என்று திரும்பக் கிடைக்காதவை முதலில். இணையத்தில் மறுபடி கிடைக்கும் சினிமாவும் பாட்டும் கடைசியில். கட் வேண்டாம், காப்பி மட்டும். மாட்டுகிற ஃபோல்டரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விண்டோஸே அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றால், லினக்ஸ் பென் டிரைவில் கம்ப்யூட்டரை எழுப்பி எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் சும்மா இருந்தாலும் விண்டோஸ் அதில் எழுதிக்கொண்டேயிருக்கும்.

லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு, கெட்டுவரும் டிஸ்க்கை நகலெடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. உபுண்டுவில் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, முன்னால் ஒரு 'ஜி' கூடுதல். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை அது முதல் சுற்றில் அள்ளிக்கொள்ளும். சண்டித்தனம் செய்யும் இடங்களைத் தாண்டிப்போய்க் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதை வரைபட ஃபைலில் குறித்துக்கொள்வதால், டிஸ்க் நடுவில் மயங்கி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் எடுக்கும் டிஸ்க், மூலத்தின் கொள்ளளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். எது மூலம், எது நகல் என்பதை டிஸ்க்கின் சீரியல் எண்ணோடு ஒப்பிட்டு இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க், நிறைந்த டிஸ்க்கை அழித்துவிடும்.

தாளத்தோடு டிக் அடிக்கும் டிஸ்க்குக்கு இதெல்லாம் பொருந்தாது. அதை அணைத்துவிட்டு, அவசியமான தகவல் என்றால் தூசியில்லாத அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்குக் கொடுங்கள். மூடியைத் திறந்து பார்க்கிற ஆசை வேண்டாம்; அந்த நானோமீட்டர் இடைவெளிக்கு அறையின் தூசி பாறாங்கல். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற பழைய வைத்தியத்தால் உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம். அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி மின்சுற்றுப் பலகையைக் கழற்றி மாட்டுவதும் இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற அளவீடுகள் அதனதன் பலகைச் சில்லிலேயே பதிந்திருக்கின்றன.

சில்லுகளிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தட்டும் இல்லை, டிக்கும் இல்லை. எழுத விடாமல் படிக்க மட்டும் விடும், அல்லது ஒரு நாள் காலையில், கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸிலேயே காணாமல் போயிருக்கும். சாடைக்காகக் காத்திருக்க அங்கே வழி குறைவு, பேக்கப் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

மற்றவர்கள் இன்றைக்கு அந்த மூன்று எண்களை, 5, 197, 198 மூன்றையும் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி பார்த்து, அதன் கீழேயே எழுதுங்கள். வணக்கம்.