குதிரைத்திறன் இருக்கட்டும், பானெட் தெரிகிறதா?

[திரையில்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்த காட்சி. கார் நின்றுகொண்டிருக்கிறது.]

வணக்கம். இப்போது நீங்கள் பார்ப்பது ஒரு போர்ஷே 911-க்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் தெரிவது. பானெட் நடுவில் தாழ்ந்து போகிறது, இரண்டு ஓரத்திலும் ஃபெண்டர் சின்ன வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறது. முன் சக்கரங்கள் அந்த இரண்டு மேடுகளுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருக்கின்றன. அதாவது சக்கரம் சாலையில் எங்கே ஓடுகிறது என்பதை இருக்கையில் இருந்தபடியே உங்களால் பார்க்க முடிகிறது.

அதனால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது ஒரு மலைச்சாலையில், வேறு ஒரு காரில். நல்ல சக்திவாய்ந்த கார், அகலம் கிட்டத்தட்ட 2 மீட்டர், முன்பக்கம் எங்கே முடிகிறது என்று உள்ளேயிருந்து தெரியவே தெரியாது. எதிரே வண்டி வரும் ஒவ்வொரு முறையும் என் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்தது. இத்தனைக்கும் இடம் இருந்தது, ஆனால் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே இறங்கி வந்து கணக்குப் பார்த்தால், அந்த இன்ஜினின் பலத்தில் பாதியைக்கூட நான் தொட்டிருக்க மாட்டேன். அதே சாலையில் பிறகு ஒரு சின்ன கார் ஓட்டினேன், சக்தி பாதிக்கும் குறைவு, முழு நேரமும் அதை முழுசாக ஓட்டினேன்.

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எப்படி ஓட்டத் தோன்றுகிறது என்பதை, அதனால் என்ன முடியும் என்பதைவிட, அதில் எவ்வளவை நீங்கள் பயமில்லாமல் எடுத்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் முடிவு செய்கிறது என்று நினைக்கிறேன். அதைத் தீர்மானிக்கும் மூன்று விஷயங்களைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்: காரின் அளவு, உள்ளேயிருந்து தெரியும் பார்வை, சஸ்பென்ஷன் தரும் சொகுசு.

[திரையில்: பழைய 911, புதிய 911, பக்கம் பக்கமாக, மேலிருந்து.]

முதலில் அளவு. 1963-இல் அறிமுகமான 911-இன் அகலம் 1.61 மீட்டர். இன்றைய 911 தலைமுறை (போர்ஷே அதற்கு வைத்த எண் 992) 1.85 மீட்டர், அதுவும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல். 24 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் இதை வைத்துப் பாருங்கள். பழைய காருக்கு மீதி இருக்கும் இடம் 1.39 மீட்டர், புதியதற்கு 1.15 மீட்டர். அந்த மீதி இடம்தான் உங்கள் விளையாட்டு மைதானம். வளைவுக்குள் கொஞ்சம் வெளியே ஒதுங்கி நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே விரிந்து போவதற்கு அந்த இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் கோடு பிடித்து நேராக ஓட்டுவதோடு சரி. கார் அகலமாக ஆக, சாலை உங்களுக்கு ஒடுங்கிக்கொண்டே போகிறது.

கார்கள் சும்மா பெருத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் அடி விழுந்தால் தாங்க கதவில் தடிமன் வேண்டும், அகலமான டயருக்கு இடம் வேண்டும், ரேடியேட்டருக்குக் காற்று போக வழி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிதானால் எடை கூடும், எடையை நிறுத்தப் பெரிய பிரேக், பெரிய பிரேக்கை உள்ளே வைக்கப் பெரிய சக்கரம், அத்தனை எடையும் வளைவில் சாயாமல் இருக்க இறுக்கமான ஸ்பிரிங் என்று அந்தச் சுற்று நிற்காமல் ஓடும். அந்தச் சுற்றுக்குள் போகாமல் நின்ற கார்களும் உண்டு. 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோ, இன்ஜின் சுமார் 120 குதிரைத்திறன், அவ்வளவுதான். மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் ஆச்சரியம். 1989-இல் வந்த முதல் தலைமுறையைவிட 2015-இல் வந்த நான்காம் தலைமுறை நீளத்தில் கொஞ்சம் குறைவு. இருபத்தாறு வருடம் கழித்து ஒரு கார் குட்டையாக வந்தது என்றால் அதற்காக உள்ளே எத்தனை பேர் எவ்வளவு சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

[திரையில்: ஒரு வளைவு. முன் கண்ணாடியின் ஓரத் தூண் பெரிதாகத் தெரிகிறது.]

சரி, பார்வைக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கூரையைத் தாங்கி நிற்கிறதே, அதை ஏ-பில்லர் என்பார்கள். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள தூரம் சராசரியாக 6.3 சென்டிமீட்டர். கண்ணுக்கு முன்னால் இதைவிட ஒல்லியான ஒரு தூண் நின்றால், ஒரு கண்ணுக்கு மறைவது இன்னொரு கண்ணுக்குத் தெரிந்துவிடும், தூரத்தில் உள்ள எதுவும் முழுசாக மறையாது. ஒரு பேனாவை முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் தெரியும். இப்போது பேனாவுக்குப் பதிலாக உள்ளங்கையை வையுங்கள். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

தூண் உங்கள் கண்ணுக்கு 10 சென்டிமீட்டர் அகலமாகத் தெரிகிறது, கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 30 மீட்டர் தூரத்தில் இரண்டு கண்ணுக்கும் சேர்ந்தே மறையும் இடத்தின் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் மேல். ஒரு மோட்டார் சைக்கிள், ஓட்டுகிறவரோடு சேர்த்து, அதற்குள் காணாமல் போய்விடும். அதைவிட மோசம், வளைவில் நீங்கள் திரும்பும் வேகமும் எதிரே வருகிறவரின் வேகமும் பொருந்திவிட்டால் அவர் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே நகர்ந்து வருவார். எனக்கு அப்படி ஒரு சைக்கிள்காரர் வந்தார், மிகப் பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து வளைவுக்கு முன்னால் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. தலை அசைக்காமல் பார்க்க முடிகிற காரில் அந்தக் கவனம் முழுவதும் சாலைக்குப் போகும்.

தூண் ஏன் தடித்தது? கார் உருண்டால் கூரை நசுங்கக் கூடாது. அமெரிக்காவில் 2009 வரை கூரை காரின் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும், அந்த ஆண்டு வந்த விதி அதை மூன்று மடங்கு ஆக்கியது. உயிரைக் காக்கும் விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டியாகவும் ஒல்லியாகவும் செய்வது எப்படி என்பதில்தான் வித்தை இருக்கிறது. 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஹோண்டா என்எஸ்எக்ஸில் மிக உறுதியான எஃகை வளைத்துத் தூணை ஒல்லியாக்கினார்கள். 1990-இல் வந்த முதல் என்எஸ்எக்ஸின் கேபினுக்கே எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டுதான் முன்மாதிரி. இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருந்தும், உள்ளே உட்கார்ந்தால் கண்ணாடி வீட்டுக்குள் இருப்பது போல இருக்கும். மறுமுனையில் லம்போர்கினி கவுன்டாஷ். அழகில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம், ஆனால் ரிவர்ஸ் எடுக்கக் கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, உட்காரும் உயரம். தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சாலை கண்ணை ஒட்டி ஓடும், அதே வேகம் கூடுதலாகத் தெரியும். சின்ன கார் மிதமான வேகத்திலேயே சந்தோஷம் தருவதற்கு இதுவும் காரணம். ஆனால் இருக்கை தாழ்ந்து, கதவின் கண்ணாடி விளிம்பு காது வரை வந்துவிட்டால், குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுவது போல ஆகிவிடும்.

[திரையில்: ஒட்டுப்போட்ட சாலை. ஒரு சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவது, மெதுவான காட்சியில்.]

அப்புறம் சஸ்பென்ஷன். "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் குலுக்கத்தான் செய்யும், சொகுசு வேண்டுமானால் வேறு கார் வாங்கு" என்று சொல்பவர்கள் நிறைய. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் சக்கரத்தைப் பாருங்கள். மேட்டில் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கிக் கொடுக்கிறது, இறங்கும்போது ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்கி டயரை மறுபடி தரையில் வைக்கிறது. ஸ்பிரிங் அமுங்க மறுத்தால்? டயர் தரையை விட்டுத் தாவும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு கிடையாது, பிரேக்கும் கிடையாது. வழவழப்பான பந்தயப் பாதையில், அதிலும் காற்று தன்னைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதை நம்பி ஓடும் காருக்கு, இறுக்கம் தேவை, தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி மாறக் கூடாது. சாதாரண சாலையில் அந்த அவசியம் இல்லை.

உடம்பையும் மறக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வில் மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை உள்ள அதிர்வை. அந்த வீச்சில் குலுங்கினால் தலை ஆடும், தலை ஆடினால் கண்ணாடியில் தெரிவது கலங்கும். அங்கேயே பார்வை போயிற்று. அதோடு இறுக்கமான கார் ஒவ்வொரு மேட்டிலும் பக்கவாட்டில் ஓரிரு விரற்கடை துள்ளும், அந்தத் துள்ளலுக்கு இடம் விட வேண்டும், அகலமான காரில் இடம் ஏற்கெனவே குறைவு. மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பது இப்படித்தான்.

லேசான காருக்கு இந்தத் தொல்லை குறைவு. 2017-இல் வந்த அல்பைன் ஏ110 சுமார் 1,100 கிலோ. எடை குறைவு என்பதால் மென்மையான ஸ்பிரிங்கே போதும் என்று விட்டார்கள். வளைவில் அந்தக் கார் நன்றாகவே சாயும், அந்தச் சாய்வு எனக்குப் பிடிக்கும். எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்து டயரிடம் இன்னும் எவ்வளவு பிடிப்பு மீதி இருக்கிறது என்று இடுப்பே சொல்லிவிடும். சாயவே சாயாத கார் கடைசி நொடி வரை எதுவும் சொல்லாமல் வந்து, பிறகு ஒரேயடியாக வழுக்கும்.

டயரிலும் ஒரு கணக்கு. முதல் எம்எக்ஸ்-5-இல் இருந்தது 185/60 ஆர் 14 டயர், அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், 111 மில்லிமீட்டர். இன்றைக்குப் பல கார்களில் பார்க்கும் 245/35 ஆர் 20 டயரில் அது 86 மில்லிமீட்டர். அமுங்கிக் கொடுக்கும் ரப்பர் அவ்வளவு குறைந்துவிட்டது, சக்கரத்தின் எடை கூடிவிட்டது. வாங்கும்போது சின்ன சக்கரம் தேர்ந்தெடுக்க வழி இருந்தால், பார்க்க எடுப்பாக இல்லாவிட்டாலும் அதையே எடுங்கள் என்பேன்.

[திரையில்: ஒருவர் காருக்குள் ஏறி இருக்கையைச் சரிசெய்கிறார்.]

டெஸ்ட் டிரைவ் போகிறீர்களா? இன்ஜினைப் போடுவதற்கு முன்னால் இருக்கையைச் சரிசெய்துவிட்டு, கூட வந்தவரை முன் மூலைக்குப் பக்கத்தில் நடந்து வரச் சொல்லுங்கள், கார் முடிகிற இடம் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் அவரை நிறுத்துங்கள். பிறகு இறங்கிப் போய்ப் பாருங்கள், எவ்வளவு தப்பு என்று. கேமராவைப் பார்க்காமல், பின்னால் யாரும் இல்லாத இடத்தில் ஒருமுறை ரிவர்ஸ் எடுங்கள். அப்புறம் நேரான நல்ல சாலையை விட்டுவிட்டு, வளைவின் நடுவில் ஒட்டுப்போட்ட ஒரு சாலையைத் தேடிப் போங்கள். வேகம் எல்லாம் வேண்டாம். அந்த ஒட்டு கண்ணில் படும்போது உங்கள் கால் தானாக எழுகிறதா, இல்லை அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

[திரையில்: பெடலின் மேல் ஒரு கால். காட்சி முடிகிறது.]