மோரிப் கடல் ஏர்கோனுக்கு உதவுமா?

[காட்சி: மலேசியா, சிலாங்கூர், மோரிப் கடற்கரை. முழங்கால் அளவு தண்ணீரில் தெர்மாமீட்டர்.]

வணக்கம். பந்திங்கிலிருந்து கிளம்பி மோரிப் கடலில் வந்து நிற்கிறேன். தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டுகிறது. கடல்நீரை வைத்து ஏர்கோன் ஓட்டலாம் என்று சொன்னபோது, எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர், "இந்த வெந்நீரை வைத்தா, தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

குளிர்ந்த நீர் ஆழத்தில் இருக்கிறது. துருவப் பக்கம் குளிர்ந்து கனத்து இறங்கிய நீர், பெருங்கடல்களின் அடியில் பரவிக் கிடக்கிறது. பசிபிக் கடலின் போரா போரா தீவில் ஒரு ஹோட்டல் 2006 முதல், அறைகளைக் குளிர்விக்க சுமார் 900 மீட்டர் ஆழத்திலிருந்து 5 டிகிரி நீரைக் குழாயில் இழுக்கிறது. கரண்டு செலவு பெரும்பாலும் பம்புக்குத்தான். டொரோண்டோவில் 2004 முதல் ஒண்டாரியோ ஏரியின் 4 டிகிரி நீர் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. அதே நீர் பிறகு நகரத்துக்குக் குடிநீராகவும் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

மலாக்கா நீரிணையில் நம் கரைப் பக்கம் 100 மீட்டர் ஆழம்கூட இல்லை. சரி, அப்படியென்றால் இந்தக் கடலால் பயனில்லையா?

[காட்சி: பந்திங் கடைவரிசையின் பின்சந்து. ஏர்கோன் வெளிப்பெட்டிகள்.]

இந்தப் பெட்டியின் முன்னால் கையை வைத்துப் பாருங்கள். அனல் அடிக்கிறது. ஏர்கோன் செய்வதெல்லாம் அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான். கொட்டுகிற இடம் சூடாக இருந்தால் கம்ப்ரசர் திணறும், மீட்டர் ஓடும். மத்தியானம் இந்தச் சந்தில் ஒரு பெட்டி விடுகிற அனலைப் பக்கத்துப் பெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சூட்டைக் கடலில் கொட்டினால்? ஒரு டிகிரி சூடேற, ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் வெப்பம், அதே அளவு காற்று வாங்குவதைவிட 3,000 மடங்குக்கும் மேல். அதனால் வெதுவெதுப்பான கடலும் உதவும். ஹாங்காங்கின் காய் டாக் பகுதியில் கடல்நீரை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். காற்றில் சூட்டைக் கொட்டும் ஏர்கோனைவிட 35 விழுக்காடு மின்சாரம் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

உப்பு இரும்பை அரிக்கும் என்பதால் டைட்டானியத் தகடுகள் வேண்டும். குழாய்க்குள் சிப்பி ஒட்டும். திரும்ப விடுகிற சூடான நீர் மீன்குஞ்சுகளைக் கெடுக்காதபடியும் பார்க்க வேண்டும். கரையோர ஆஸ்பத்திரி, பெரிய கட்டடம் என்றால் கட்டுப்படியாகும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டுக்கு ஆகாது.

[காட்சி: லயத்து வீடுகள், மத்தியானம் இரண்டு மணி.]

லயத்து வீட்டுக்கு முதலில் தகரக் கூரையைப் பார்க்க வேண்டும். எங்கள் அத்தை வீட்டுக் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. ஏணியில் ஏறி இப்போது அதன்மேல் கை வைக்கிறேன், பாருங்கள். பக்கத்து வீட்டுத் துருப்பிடித்த தகரத்தில் கையை வைத்ததும் எடுத்துவிட்டேன்.