ஒரே சிலேட்டில் எழுதிய முகவரி

எல்லோருக்கும் வணக்கம். சி மொழியில் நெட்வொர்க் நிரல் எழுதத் தொடங்கியிருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஒரு சர்வர் பெயருக்கு ஒரு ஐபி முகவரிதான் என்று நம்பி நிரல் எழுதாதீர்கள்.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தில்தான் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற ஃபங்ஷன் பிறந்தது. பெயரைக் கொடுத்தால் முகவரி வரும். அன்றைக்கு அதன் விடையில் ஒரு முகவரிக்குத்தான் இடம். பின்னால் அதைப் பட்டியலாக மாற்றினார்கள். ஆனால் பழைய நிரல்களுக்காக முதல் முகவரியை மட்டும் எடுத்துத் தரும் குறுக்குவழியையும் விட்டுவைத்தார்கள். எல்லோரும் அந்தக் குறுக்குவழியிலேயே நடந்து பழகிவிட்டோம்.

அதில் இன்னொரு சிக்கல். விடையை அது தனக்குள் இருக்கும் ஒரே இடத்தில் எழுதி, அந்த இடம் எங்கே என்று சுட்டும் பாயிண்டரை நமக்குத் தருகிறது. டீக்கடைச் சிலேட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கணக்கு வந்ததும் முந்தையதை அழித்துவிடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு சர்வர் பெயர்களுக்கு அடுத்தடுத்து இதை அழைத்தேன். இரண்டு பாயிண்டர்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு கடைசியில் அச்சிட்டேன். இரண்டு வரியிலும் இரண்டாவது சர்வரின் முகவரி! பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைதான் தப்பு என்று ஒரு நாள் முழுக்க அதைக் குடைந்தேன். அப்புறம் பாயிண்டர்களை அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. பல த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பல வேலைகள், ஓடும் நிரலில் இது எப்போது கடிக்கும் என்று சொல்லவே முடியாது.

பழைய ஐபிவி4 முகவரி முறைக்குப் பின் ஐபிவி6 வந்தபோது அதன் 128 பிட் முகவரிக்கும் வழி வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் கெட்அட்ரின்ஃபோ. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பில் கெட்ஹோஸ்ட்பைநேமை நீக்கியே விட்டார்கள். புதியது ஒவ்வொரு அழைப்புக்கும் தனி மெமரி ஒதுக்கி, சங்கிலிபோல் கோத்த பட்டியலாக விடை தருகிறது. சிலேட்டுச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் மெமரி இப்போது நம் பொறுப்பு. ஃப்ரீஅட்ரின்ஃபோவை அழைத்து நாம்தான் விடுவிக்க வேண்டும்.

சரி, பட்டியல் கையில் வந்துவிட்டது. பலர் இங்கேயும் முதல் முகவரியை எடுத்துக்கொண்டு மீதியை மறந்துவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். முதலில் வருவது பெரும்பாலும் ஐபிவி6 முகவரி. பயன்படுத்துபவரின் வீட்டு இணைப்பில் ஐபிவி6 பாதியில் அறுந்திருந்தால் உங்கள் நிரல் அங்கேயே நின்றுவிடும். அடுத்த கண்ணியில் நல்ல ஐபிவி4 முகவரி இருக்கும், யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். சர்வர் கீழே விழுந்துவிட்டது என்று அந்த மனிதர் நினைத்துக்கொள்வார்.

ஆகவே ஒவ்வொரு கண்ணிக்கும் சாக்கெட் என்னும் இணைப்பு முனையைத் திறங்கள், இணைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த சாக்கெட்டை மூடிவிட்டு அடுத்த கண்ணிக்குப் போங்கள். பட்டியல் தீர்ந்த பிறகே தோல்வி என்று சொல்லுங்கள். கெட்அட்ரின்ஃபோவை அழைக்கும்போது சாக்கெட் வகை ஸ்ட்ரீம் என்று, அதற்குக் கொடுக்கும் ஹின்ட்ஸ் என்ற குறிப்பில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் லினக்ஸில் ஒரே முகவரி ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று சாக்கெட் வகைக்கு ஒன்றாக மூன்று முறை வரும். நீங்கள் அறுந்த வழியையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.