32 நொடி கேமராவும் நரபலிக் கூட்டமும்

[திரை கருப்பு. ஸ்பிரிங் முறுக்கும் சத்தம் மட்டும்.]

இப்போது கேட்டது ஒரு சினிமா கேமராவுக்குச் சாவி கொடுக்கும் சத்தம். 16 எம்எம் ஃபிலிம் போடும் பெல் அண்டு ஹாவெல் கேமரா. மின்சாரம் தேவையில்லை. பழைய அலாரம் கடிகாரத்தைப் போல முறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை முறுக்கினால் 32 நொடி ஓடும். அப்புறம் நின்றுவிடும். மறுபடி முறுக்கு. மறுபடி 32 நொடி.

1966-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள எல் பாசோ நகரில், உர வியாபாரி ஒருவர் இப்படிப்பட்ட கேமராவை வைத்துக்கொண்டு ஒரு முழுநீளத் திகில் படம் எடுத்தார். வழி தவறிய ஒரு குடும்பம், பாலைவனத்தில் ஒரு தனி வீடு, அங்கே நரபலி கொடுக்கும் ஒரு கூட்டம். படத்தின் பெயர் ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’.

[திரையில் தலைப்பு எழுத்துகள்.]

மேனோஸ் என்றால் ஸ்பானிய மொழியில் கைகள். அதாவது படத்தின் முழுப் பெயர் ‘கைகள்: விதியின் கைகள்’. தலைப்பிலேயே ஆரம்பிக்கிறது வேடிக்கை.

உலகின் மோசமான படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதன் பெயர் மேலேயே இருக்கும். கேலி செய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, அதை மற்றவர்கள் செய்துவிட்டார்கள். நான் பார்க்க நினைப்பது வேறு. இந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பொருளிலோ, ஒரு விளக்கிலோ, ஓர் உடைந்த காலிலோ போய் நிற்கிறோம். பணம் இல்லாமல் பயமுறுத்துவது எப்படி, எப்படிக் கூடாது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடப் படம் எனக்குத் தெரியவில்லை.

[எல் பாசோவின் வறண்ட மலைகள்.]

அந்த உர வியாபாரியின் பெயர் ஹெரால்டு வாரன். இன்சூரன்சும் விற்றிருக்கிறார். உள்ளூர் நாடகங்களில் நடிக்கும் ஆசை உள்ளவர். ஸ்டர்லிங் சிலிஃபன்ட் என்ற திரைக்கதை எழுத்தாளரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. சாதாரண ஆள் இல்லை, பின்னாளில் ஆஸ்கர் வாங்கியவர். ஒரு காப்பிக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, திகில் படம் எடுப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை, நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று வாரன் பந்தயம் கட்டினாராம். அங்கேயே ஒரு காகித நாப்கினில் கதையை எழுத ஆரம்பித்தார் என்றும் சொல்வார்கள்.

கதை, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே. சேர்ந்த பணம் சுமார் 19,000 டாலர். நடிகர்களுக்குச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு என்று சொல்லிவிட்டார். லாபம் வரவே இல்லை. கையில் ஏதாவது வாங்கியவர்கள் இரண்டே பேர் என்பார்கள்: மகளாக நடித்த சிறுமி ஜாக்கி நெய்மனுக்கு ஒரு சிவப்பு சைக்கிள், படத்தில் வரும் நாய்க்கு ஒரு மூட்டை நாய்த் தீனி. ஒப்பந்தம் போடத் தெரிந்தது அந்த இருவருக்கும்தான்.

[ஓடும் காரிலிருந்து வயல்கள், சாலை, மறுபடி வயல்கள்.]

சரி, படத்துக்குள் போவோம். மைக்கேல், மனைவி மார்கரெட், மகள் டெபி, ஒரு நாய். விடுமுறைக்கு ஒரு விடுதியைத் தேடிக் காரில் போகிறார்கள். போகிறார்கள். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சாலை வருகிறது, வயல் வருகிறது, யாரும் பேசுவதில்லை. டைரக்டர் ஏதோ கலைப்படம் முயன்றிருக்கிறார் போல என்று நினைப்போம். அதெல்லாம் இல்லை. நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயர்களை இந்தக் காட்சிகளின்மேல் ஓட்டுவதாகத்தான் திட்டம். கடைசியில் பெயர்களைப் போடவில்லை, சாலை மட்டும் மிஞ்சிவிட்டது.

நடுநடுவே ஒரு காரில் இளஞ்ஜோடி ஒன்று முத்தமிட்டுக்கொண்டிருக்கும். போலீஸ்காரர்கள் வந்து விரட்டுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே ஜோடி, அதே முத்தம். கதைக்கும் இவர்களுக்கும் கடைசிவரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதற்கும் காரணம் உண்டு. கூட்டத் தலைவனின் மனைவிகளில் ஒருத்தியாக நடிக்க வந்த பெண்ணுக்குப் படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே காலில் எலும்பு முறிந்துவிட்டது. அவரை வெறுங்கையோடு அனுப்ப வாரனுக்கு மனமில்லை. கால் தெரியாமல் உட்கார்ந்தபடியே நடிக்க ஒரு வேடம் வேண்டும். காரைவிட வசதியான இடம் எது? ஒரு மனிதராக வாரன் மேல் எனக்கு மரியாதை வந்த இடம் இது. டைரக்டராக அல்ல.

[இருட்டில் தனி வீடு. வாசலில் டார்கோ.]

வீடு வந்துவிட்டது. வாசலில் டார்கோ, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன். நசுங்கிய தொப்பி, கையில் கோல், நடுங்கும் உடம்பு, பூசணிக்காய் மாதிரி வீங்கிய முழங்கால்கள். ஜான் ரெனால்ட்ஸ் என்ற இளம் நடிகர். டார்கோ உண்மையில் மனிதன் இல்லை, பாதி ஆடு. கிரேக்கக் கதைகளில் வருமே, இடுப்புக்கு மேலே மனிதன், கீழே ஆட்டுக்கால், அந்த இனம். அதற்காகக் கம்பியும் ஃபோமும் வைத்து ஒரு கால் சட்டகம் செய்து, பேண்டுக்குள் கட்டிக்கொண்டு நடந்தார் ரெனால்ட்ஸ். ஆனால் அவன் பாதி ஆடு என்று படத்தில் ஒருவரும் சொல்வதில்லை. ஓரிடத்தில் குளம்பு கண்ணில் பட்டாலும் யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியாது. நமக்குத் தெரிவதெல்லாம் நடக்கச் சிரமப்படும் ஒருவன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போக ஒரு யுகம் எடுத்துக்கொள்கிறான் என்பதுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் உண்மையாகவே நெஞ்சைப் பிசைகிற ஆள் இவன் மட்டும்தான். என்ன செய்வான் என்று ஊகிக்க முடியவில்லை. பரிதாபமும் வருகிறது, அருவருப்பும் வருகிறது. கேமரா முப்பது நொடிதான் ஓடும் என்பதால் அவன் நடை துண்டு துண்டாக வெட்டுப்படுகிறது, அதுவே அவன் உடம்பை இன்னும் கோணலாக்குகிறது. நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் வேலை செய்கிறது.

[கேமராவின் ஸ்பிரிங் சத்தம் மறுபடி.]

அந்தக் கேமராவுக்கு வருவோம். 32 நொடி என்பது உண்மையில் மோசமான கட்டுப்பாடு இல்லை. இன்றைய திகில் படங்களில் ஒரு ஷாட் அவ்வளவு நேரம் ஓடுவதே அபூர்வம். சிக்கல் எங்கே என்றால், வாரன் நாடகக்காரர். ஒருவர் நிற்பார், இன்னொருவர் நிற்பார், வசனம் நீளும். நடுவில் ஸ்பிரிங் நின்றுவிடும். முறுக்கிவிட்டு மறுபடி எடுத்தால் நடிகரின் தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும், கை வேறு இடத்தில் இருக்கும். எடிட்டிங்கில் ஒட்டும்போது குதிக்கும். ஓரிடத்தில் கிளாப் பலகையையே வெட்ட மறந்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒலி. இந்தக் கேமராவோடு ஒலியைப் பதிவு செய்ய வழியில்லை. எல்லா வசனமும் பின்னால் டப்பிங். பேசியது ஒரு சிலர் மட்டுமே, அந்தச் சில குரல்களையே எல்லா உடம்புகளுக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். ஜாக்கிக்கும் ஒரு பெரிய பெண் குரலை மழலையாக்கிப் பேசினார். முதல் காட்சியன்று தன் வாயிலிருந்து வேறொரு குரல் வருவதைக் கேட்டு அந்தச் சிறுமி அழுதுவிட்டாள்.

படப்பிடிப்புக் குழு வாரனிடம் பிழைகளைச் சுட்டிக் காட்டும்போதெல்லாம், ஃபிலிமைக் கழுவும் லேபில் சரிசெய்துகொள்ளலாம் என்பாராம். வாரனின் முதுகுக்குப் பின்னால் அவர்கள் படத்துக்கு வைத்த பெயர் ‘மேங்கோஸ்: பழ டின்கள்’.

[கல் மேடை. வெள்ளை உடைப் பெண்கள். நடுவே கருப்பு அங்கி.]

இப்போது கூட்டம். தலைவனின் பெயர் மாஸ்டர். ஆறு மனைவிகள். வணங்குவது மேனோஸ் என்ற இருட்டுக் கடவுளை. குறைந்த செலவில் படம் எடுக்கிறவர்களுக்கு இப்படி ஒரு ரகசிய வழிபாட்டுக் கூட்டம் பெரிய வரம். பேய் வேண்டாம், மிருக வேஷம் வேண்டாம். ஒரே மாதிரி உடுத்திய நாலு பேர் ஒன்றும் பேசாமல் நின்றாலே போதும். அவர்களுக்குள் ஏதோ ஒரு விதி இருக்கிறது, அது நமக்குத் தெரியாது. பயம் அங்கிருந்துதான் வருகிறது. அதற்குப் பைசா செலவில்லை.

மாஸ்டராக நடித்த டாம் நெய்மன் அதைப் புரிந்துகொண்டவர். ஜாக்கியின் அப்பா அவர். நாயும் அவர்கள் வீட்டு நாய். கைகளைப் போன்ற சிற்பங்கள், சுவரில் மாட்டிய ஓவியம் எல்லாம் அவர் கைவேலை. அந்தக் கருப்பு அங்கி ஞாபகம் இருக்கட்டும்: இரு கையையும் விரித்தால் இரண்டு பிரம்மாண்டமான சிவப்புக் கைகள் விரியும். அவர் மனைவி தைத்தது. 19,000 டாலரில் எடுத்த ஒரு படத்தில், பெரிய கம்பெனிகளும் பொறாமைப்படுகிற ஒரு பிம்பம்.

வாரன் அதை என்ன செய்தார்? மனைவிகளை எழுப்பிவிட்டுப் பேசவிட்டார். குழந்தையைக் கொல்லலாமா வேண்டாமா என்று ஒருத்திக்கொருத்தி வாக்குவாதம், அப்புறம் மணலில் புரண்டு சண்டை. ஒரு கூட்டம் வாயைத் திறந்து தன் விதிகளைப் பற்றிச் சச்சரவு செய்ய ஆரம்பித்ததும் மர்மம் போய்விடுகிறது. அது பயங்கரக் கூட்டமாகத் தெரியவில்லை, நிர்வாகக் குழுக் கூட்டமாகத் தெரிகிறது.

[விளக்கு வெளிச்சம். முகங்களைச் சுற்றிப் பூச்சிகள்.]

இரவுக் காட்சிகள் இன்னொரு கதை. பாலைவனத்தில் நிஜமாகவே இரவில் போய் எடுத்தார்கள். நாலு விளக்கு போட்டால் அந்தப் பக்கத்து அந்துப்பூச்சி அத்தனையும் வந்து மொய்க்கும். நடிகர் முகத்துக்கு முன்னால் பறக்கும், தோளில் உட்காரும். விளக்கின் வெளிச்சம் சில அடிக்கு மேல் எட்டாது. அதனால்தான் அந்தப் புகழ்பெற்ற காட்சி: துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் போலீஸ்காரர்கள் காரிலிருந்து இறங்குவார்கள், சில எட்டு நடப்பார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். அதற்கு மேல் நடந்தால் இருட்டில் மறைந்துவிடுவார்கள். டெக்சாஸ் போலீசின் புலனாய்வு எல்லை விளக்கின் எல்லையோடு முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1968-இல், பிட்ஸ்பர்க் பக்கத்தில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சிறு குழு ஒரு பண்ணை வீட்டில் எடுத்த இன்னொரு திகில் படம் வெளிவந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. அவர்களிடம் இருந்தது சுமார் 114,000 டாலர், வாரனைவிட ஆறு மடங்கு. அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் ஹாலிவுட் கணக்கில் அதுவும் சில்லறைதான். அவர்கள் கருப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அதில் சாக்லேட் சிரப் ரத்தமாகிவிடும், இருட்டு நடிகராகிவிடும். வெளிச்சம் எட்டாத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்று கதையை அமைத்தார்கள். வாரனிடமும் அதே இருட்டு இருந்தது. அவர் அதற்குள் போலீஸ்காரர்களை அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். விநோதம் என்னவென்றால், இரண்டு படத்திலும் ஒரே பிழை: பிரதியில் காப்புரிமை அறிவிப்பு இல்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி இரண்டும் பொதுச் சொத்து என்றே கருதப்பட்டன.

[தியேட்டர் வாசல். தேடுவிளக்கு.]

1966 நவம்பர் 15, எல் பாசோவின் காப்ரி தியேட்டரில் முதல் காட்சி. வானத்தை வருடும் தேடுவிளக்கு, நடிகர்கள் வந்திறங்க லிமோசின். வாடகைக்குக் கிடைத்தது ஒரே ஒரு லிமோசின். ஒரு குழுவை இறக்கிவிட்டு, தெருவைச் சுற்றிப் போய் அடுத்த குழுவை ஏற்றி வந்தது. படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அரங்கம் சிரிக்கத் தொடங்கியது. நடிகர்கள் சத்தமில்லாமல் நழுவினார்கள். டார்கோவாக நடித்த ஜான் ரெனால்ட்ஸ் அங்கே இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே, அக்டோபரில் இறந்துபோயிருந்தார். தன்னை அவர் திரையில் பார்க்கவே இல்லை.

சில டிரைவ்-இன் தியேட்டர்களில் ஓடியது, பிறகு மறைந்தது. 1985-இல் வாரனும் இறந்தார். 1993 ஜனவரியில் ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ என்ற தொலைக்காட்சித் தொடர், மோசமான படங்களைப் போட்டு ஓடும்போதே கிண்டலடிக்கும் நிகழ்ச்சி, இதைத் தோண்டி எடுத்தது. அன்றிலிருந்து டார்கோவுக்கு ரசிகர்கள் உண்டு.

[எச்சரிக்கை: முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அரை நிமிடம் தள்ளிப் பாருங்கள்.]

கடைசிக் காட்சியை மட்டும் யாரும் கிண்டல் செய்து கெடுக்க முடியவில்லை என்று நான் நினைக்கிறேன். மழை. இரண்டு பெண்கள் வழி தவறி அதே வீட்டுக்கு வருகிறார்கள். வாசலில் இப்போது நிற்பது டார்கோ இல்லை, மைக்கேல். வெறித்த கண்கள். மாஸ்டர் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று, டார்கோ சொன்னதையே சொல்கிறான். உள்ளே மார்கரெட் மனைவிகளில் ஒருத்தியாகக் கிடக்கிறாள். டெபியும்தான். கூட்டம் அவர்களைக் கொல்லவில்லை, சேர்த்துக்கொண்டுவிட்டது. இதை எடுக்க ஒரு கதவும் ஒரு முகமும் போதும். 32 நொடிக்குள் அடங்கிவிடும்.

[பழைய பிரதி இடப்பக்கம், சீரமைத்த பிரதி வலப்பக்கம்.]

2011-இல் பென் சாலவே என்ற ஒளிப்பதிவாளர் பழைய 16 எம்எம் ஃபிலிம்களை மொத்தமாக வாங்கியபோது, அதற்குள் இந்தப் படத்தின் எடிட்டிங் பிரதியே இருந்தது. சீரமைக்க இணையத்தில் நிதி கேட்டார். சுமார் 48,000 டாலர் வந்தது. 2015-இல் புளூ-ரே வட்டாகவும் வெளிவந்தது. அத்தனை வருடம் சேறு பூசினதுபோல் தெரிந்த படத்தில் இப்போது அங்கியின் சிவப்பு தெளிவாக இருக்கிறது, பாலைவனத்துக்கு நிறம் இருக்கிறது. இரவுக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். அந்துப்பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

[திரை உறைகிறது. விளக்கருகே ஒரு பூச்சி. ஸ்பிரிங் நிற்கும் சத்தம்.]