அறுபது ஆண்டுகளாக ஒரே கேள்வி

அவையோருக்கு வணக்கம்.

"மறுபிறவி என்று ஒன்று இருந்தால் ஆணாகப் பிறக்க விரும்புவீர்களா, பெண்ணாகவா?" 1958இல் ஜப்பானில் வீடு தேடிப் போய் இப்படிக் கேட்டார்கள். பெண்களில் 64 விழுக்காட்டினர் 'ஆணாக' என்றார்கள். 'பெண்ணாக' என்றவர்கள் 27 விழுக்காடுதான். 2013இல் அதே கேள்விக்கு 71 விழுக்காட்டுப் பெண்கள் பெண்ணாகவே பிறக்க வேண்டும் என்றார்கள். சட்டப் புத்தகத்திலோ சம்பளப் பட்டியலிலோ கிடைக்காத வரலாறு இது.

கேட்டவர்கள் ஜப்பானின் புள்ளியியல் கணித ஆய்வு நிறுவனத்தார். 1953இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களின் மனப்போக்கைப் பற்றி இந்த ஆய்வை நடத்திவருகிறார்கள். ஹயாஷி சிகியோ என்ற புள்ளியியலாளர் இதற்கு முன்னின்றவர். போரில் தோற்ற நாட்டின் மக்களைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்ன காலம் அது. பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து, அந்த மனிதர்களையே நேரில் கேட்பது என்று இவர்கள் முடிவு செய்தார்கள். முக்கியக் கேள்விகளின் வாசகத்தை மாற்றவே இல்லை. அந்தப் பிடிவாதத்தை நான் வணங்குகிறேன். வாசகம் மாறியிருந்தால், மாறியது மனமா கேள்வியா என்று யாரால் சொல்ல முடியும்?

எல்லாமே மாறிவிடவும் இல்லை. இரண்டு மேலதிகாரிகளில் யாரிடம் வேலை செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. ஒருவர் விதியை மீறி வேலை வாங்க மாட்டார். ஆனால் அலுவலகத்துக்கு வெளியே உங்களைக் கவனிக்கவும் மாட்டார். மற்றவர் சில நேரம் விதியை வளைத்துக்கூட வேலை வாங்குவார். உங்கள் சொந்தக் கஷ்டத்திலும் துணை நிற்பார். 1953இல் 85 விழுக்காட்டினர் இரண்டாமவரையே கேட்டார்கள். புல்லட் ரயில் வந்து, பொருளாதாரம் வீங்கி வெடித்த பிறகும், 2013இல் 81 விழுக்காடு!

நாடு முன்னேறினால் பழைய நம்பிக்கைகள் உதிர்ந்துவிடும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். இறந்த பின் மறுவுலகம் உண்டு என்று 1958இல் நம்பியவர்கள் 20 விழுக்காடு. 2013இல் அது 40 விழுக்காடு, சரியாக இரண்டு மடங்கு. மதப்பற்று உடையவர்களின் பங்கோ அப்படி உயரவில்லை. மூன்றில் ஒருவர் என்ற அளவைச் சுற்றியே நிற்கிறது. கோயிலையும் மதத்தையும் சாராமல் மறுவுலகத்தை மட்டும் நம்பத் தொடங்கிய இந்த ஜப்பானியர்களை விளக்க, நம் கையில் இருக்கும் 'பழமை, புதுமை' என்ற இரண்டு பெட்டிகள் போதவில்லை.

ஒரு கவலையும் உண்டு. முதல் ஆய்வில் பத்தில் எட்டுப் பேர் பதில் சொன்னார்கள். 2013இல் பாதிப் பேர்தான் சொன்னார்கள். பதில் சொல்லாத அந்தப் பாதிப் பேரின் மனம் எந்த அட்டவணையிலும் இல்லை.