ஊஞ்சலும் ஹார்ட் டிஸ்க்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தால் உள்ளே மெல்லிய ரீங்காரம் கேட்கும். ஹார்ட் டிஸ்க் சுழலும் ஓசை அது. நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. தகவலைப் பதியும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கும் ஹெட் என்னும் படிக்கும் முனை, ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும் டிராக்குகளில், அதாவது தகவல் வளையங்களில், ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

எந்தத் தட்டும் அச்சில் கச்சிதமாக உட்காராது. இம்மி விலகினாலும் டிராக் சுற்றுக்கு ஒருமுறை உள்ளே வெளியே ஆடும். நல்லவேளை, ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே திரும்பி வருகிறது. திரும்பி வருவதைக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? ஹெட் டிராக்கைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்ற பிழையை மென்பொருள் பார்த்துப் பார்த்து, எவ்வளவு எதிர்த்துத் தள்ளுவது, எந்தக் கணத்தில் தள்ளுவது என்று திருத்திக்கொண்டே போகிறது.

அந்தக் கணத்தில்தான் விவகாரம். ஊஞ்சலை நிறுத்த, நம்மை நோக்கி வரும்போது தள்ளுகிறோம். அதே தள்ளலை அது விலகிப் போகும்போது கொடுத்தால்? உயரமாகப் போகும். ஹெட்டைத் தாங்கும் கை எப்போது அசையும் என்று மென்பொருள் நினைப்பதும், அது உண்மையில் அசைவதும் 90 டிகிரிக்கு மேல், அதாவது ஓர் ஆட்டத்தில் கால் பங்குக்கு மேல், விலகினால் இதே கதைதான். கற்கக் கற்க ஆட்டம் கூடும்.

நானே அடித்த கூத்து ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை எப்போது அசையும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் அட்டவணையில் ஒரு கூட்டல்-கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். மின் சைகையைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் திரையில் பிழைக்கோடு முதலில் சமர்த்தாக இருந்தது. அப்புறம் சுற்றுக்குச் சுற்று தடித்தது. ஒரு நொடி ஆகியிருக்காது, டக்! கை தடுப்பில் முட்டி நின்றது.

குறியைத் திருத்திவிடலாம். ஆனால் டிஸ்க் சூடேறினால் சரியான அட்டவணையும் பொய்த்துப்போகிறது. 1982-இல் ஆய்வாளர் சார்லஸ் ரோர்ஸும் சகாக்களும், இப்படித் தானே கற்றுத் திருத்திக்கொள்ளும் அன்றைய தகவமைப்புக் கட்டுப்பாட்டு முறைகளைச் சோதித்து, கணக்கில் சேர்க்காத அதிர்வுகள் அவற்றை நிலைகுலைக்கும் என்று காட்டினார்கள். துறையில் பெரிய சலசலப்பு.

அதனால் கற்றலுக்குக் கடிவாளம் போடுகிறோம். ஒவ்வொரு திருத்தத்தையும் சின்னதாக வைப்போம். கற்றதில் துளியைச் சுற்றுதோறும் மறக்க வைப்போம். அதற்குக் கசிவு என்றே பெயர். யாராவது மேசையைத் தட்டினாலோ, ஹெட் வேறு டிராக்குக்குத் தாவினாலோ, கற்றலையே நிறுத்திவிடுவோம். அப்போது வரும் பிழை தட்டுடையது இல்லையே!

கசிவுக்கு விலை உண்டு. ஆட்டத்தில் ஒரு பங்கு திருத்தப்படாமல் மிஞ்சும். எவ்வளவு மிஞ்சலாம் என்று சக பொறியாளர்களோடு மல்லுக்கட்டுவதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடும்.