படங்களுக்கும் ஒரு முகவரி வேண்டும்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். கப்பல் நிறுவனம் ஒன்றின் கோப்பறையில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ஒரு தாள் காணாமற்போனால், அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் நாம் அப்படிக் கேட்பதில்லை. பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் படம் வேண்டுமென்றால், "சித்தப்பாவின் கைப்பேசியில் இருக்கும், கேட்டுப் பார்" என்கிறோம். சித்தப்பாவோ போன ஆண்டே அந்தக் கைப்பேசியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கியிருப்பார்.

வாட்ஸ்அப் குழுவில் தேடினால் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் இளைத்துப்போய்க் கிடைக்கும். வழக்கமான முறையில் அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. எடுத்த நாள், நேரம் முதலிய குறிப்புகளையும் உதிர்த்துவிடுகிறது. கைப்பேசித் திரையில் பளிச்சென்று தெரிந்த அதே படத்தை மண்டபத்தில் மாட்டுவதற்காகப் பெரிதாக்கினால், பாட்டியின் மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடும். காரோட்டிக்கொண்டே கேட்பவர்களுக்காக மெதுவாகச் சொல்கிறேன்: அசல் வேண்டுமானால் படமாக அனுப்பாமல், டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கள் குடும்பத்து அசல் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடம் வேண்டும் என்று தீர்மானித்து, இங்கே சிங்கப்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், வீட்டு ரவுட்டரோடு இணைத்துவிட்டால் எல்லாருடைய கைப்பேசியும் தொலைக்காட்சியும் எட்டிப் பார்க்கக்கூடிய சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். கடைக்காரர்கள் அதை நாஸ் என்பார்கள். எங்கள் நாலறை வீட்டில் இணையக் கம்பி வந்து சேரும் இடமோ, நாமெல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும் பாதுகாப்பறை. புது வீடுகளில் இப்படியோர் அறை வேண்டும் என்ற 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் குடியிருப்போருக்கு, அதன் தடித்த கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆபத்து வந்தால் அது நமக்கு அடைக்கலம். வராதவரை அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் அடைக்கலம். ரவுட்டரையும் பெட்டியையும் அங்கேயே தட்டில் அடுக்கி வைத்து, கூடத்தில் ஒரு கம்பிகூடத் தெரியவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாலை, பேரன் தான் முதன்முதலாக நடந்த காணொளியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அந்தக் குழந்தை ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய கால் இறங்கவே இல்லை. தொலைக்காட்சியை அணைத்துப் போட்டேன். கைப்பேசியை அணைத்துப் போட்டேன். இணையச் சேவை நிறுவனத்தை அழைத்து அரைமணி நேரம் இசை கேட்டேன். கடைசியில் சமையலறையிலிருந்து என் துணைவியார், "அரிசி எடுத்தேன், கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான்" என்றார். குண்டுக்கு அசையக் கூடாது என்று கட்டிய சுவர், வைஃபை வந்து கேட்டால் மட்டும் வழிவிடுமா? இன்றுவரை அந்தக் கதவு ஒரு சாண் திறந்தே இருக்கிறது.

பெட்டியும் ஒருநாள் பழுதாகும் என்பதால், அதிலுள்ளவற்றின் நகல் ஒன்று செங்காங்கில் மகள் வீட்டில் இருக்கிறது.

ஆனால் எந்தப் பெட்டி வாங்கினாலும், பெயர் சரியாக வைக்காவிட்டால் அது குப்பைக்கூடைதான். முன்பு என் கணினியில் 'தீபாவளி', 'தீபாவளி 2', 'தீபாவளி புதியது' என்று ஏழு கோப்புறைகள் இருந்தன. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2016-10-29 தீபாவளி. ஆண்டை முன்னால் போட்டால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும்; நாளை முன்னால் போட்டாலோ, 27ஆம் தேதி வந்த 2019 தீபாவளி, 29ஆம் தேதி வந்த 2016 தீபாவளிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண்டு முதலில், ஆண்டு முதலில் என்று நான் சொல்லிச் சொல்லி வீட்டில் என்னைக் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது தேதியையும் திருத்திவிடுங்கள். 1958இல் எடுத்த என் பெற்றோரின் திருமணப் படத்துக்குக் கைப்பேசி, ஸ்கேன் செய்த நாளையே போட்டுக்கொண்டது. பட்டுச் சேலையில் தலைகுனிந்து நின்ற என் அம்மா, முதல் நாள் தேக்காவில் நான் சாப்பிட்ட மீ கோரெங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

இணையத்திலேயே படங்களைப் போட்டு வைக்கும் மேகச் சேமிப்பு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஜூன் 1 முதல் கூகள் போட்டோஸில் வரம்பில்லாத இலவசம் இல்லை. மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபிதான். ஆப்பிள் ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. பயன்படுத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்களைக் காட்டுகிறார்; செயலிகளுக்கென எழுதி வந்த தாள் அப்படியே கிடக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிளிலும் கூகளிலும் ஆறு பேர் வரை ஒரு குடும்பமாகச் சேரலாம். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய செயலியைப் பெரும்பாலும் மற்றவர்களும் இறக்கிக்கொள்ளலாம். பேரன் விளையாட்டுக்குள் வாங்கும் தங்கக்காசுகள் அதில் சேரா. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மறைச்சொல்லைக் குடும்பமே பகிர வேண்டாம். நமக்குப் பின் நம் கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்கும் வசதியை கூகள் 2013இலும் ஆப்பிள் 2021இலும் கொண்டுவந்தன. கூகளில் நான் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்நேரம் செங்காங்கில் கேட்டுக்கொண்டிருப்பாள். வணக்கம்.